இருபத்தைந்து சென்ட்

வுப்பர்டாலில் இரவு இரண்டு மணி.
சாருஜன் வரையும் எமனுக்கு
நான்தான் குரல்.
போர்வைக்குள் தலைவிட்டுப் பேசுகிறேன்,
ஹீட்டர் இரைச்சல் விழாதபடி.

எமன் கதவைத் தட்டுகிறான்.
"வாறன், பொறு," என்கிறார் கிழவர்.
"காலிப் போத்தல் கிடக்கு,
ஒன்றுக்கு இருபத்தைந்து சென்ட்."

பாசக்கயிற்றில் போத்தல்களைக் கோத்துக்கொண்டு
சூப்பர் மார்க்கெட் வரிசையில்
நாலாவது ஆளாய் எமன்.
நசுங்கிய ஒன்றை
மெஷின் திரும்பத் திரும்பத் துப்புகிறது.
எமன் கண் சிமிட்டுகிறான்,
ஒரேயொரு தரம்.
அதற்குமேல் வரையக் காசில்லை.
அந்தச் சிமிட்டலுக்கே
சிரிப்பு புரையேறும்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்
ஒன்பதாம் அறை க்ரோனெவெக்
போன செவ்வாய்
கட்டிலடியில் பதினொரு போத்தல் விட்டுப்போனார்.
நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.
சிட்டை இன்னும் சட்டைப் பையில்:
இரண்டு யூரோ எழுபத்தைந்து.

"இன்னொரு தரம் சொல்லு," என்கிறான் சாருஜன்.
"எமனுக்கென்ன, தடிமனா?"