வழவழப்பு

கப்பலில் பண்டாரியாய் இருந்த மனுஷன்
எண்ணெயில் மாவை வறுக்கிறார்
முக்கால் மணி நேரமாய்.
கருகிருச்சு என்றேன்.
இல்லை, பழம்புளி நிறம் வரணும் என்றார்.

நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில்
ஒடீல் என்ற சமையற்காரி சொல்லித் தந்ததாம்.
மாவு வறுத்தது பிரெஞ்சுக்காரன்.
மேலே தூவும் இலைப்பொடி
அந்த மண்ணின் பழங்குடி கொடுத்தது.
வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து
விலங்கிட்டு ஏற்றப்பட்டவர்களோடு போனது.
அவர்கள் பேச்சில் காய்க்கு இருந்த பேரே
பானைக்கும் ஆச்சு: கம்போ.

கீழக்கரையில் அந்த இலைக்கு எங்கே போக?
முருங்கையைக் காயவைத்து இடித்தேன்.
பன்றி சோசேஜுக்குப் பதில்
ஹஜ்ஜுப் பெருநாள் உப்புக்கண்டம்.
நண்டும் இறாலும் நம்ம கடலுடையது,
அதில் மட்டும் குறை சொல்லவில்லை.

வெண்டைக்காயில் வழக்கம்போல் மோர் தெளித்து
வழவழப்பைக் கொல்லப் போனேன்.
கையைப் பிடித்துவிட்டார்.
"சைனம்பு, அதுதான் குழம்பே."

பதினாறு வருஷம் கடலில்.
வருஷத்துக்கு ஒரு மாசம் வீட்டில்.
என் கையைப் பிடித்தது
ஒரு காயைக் காப்பாற்ற.

சரியென்று விட்டேன்.
இப்போது சோற்றில் ஊற்றினால்
தட்டுக்கும் விரலுக்கும் நடுவே
நூலாய் இழுக்கிறது,
அறுபட மாட்டேன் என்கிறது.