எட்டடி தள்ளி

முதல் நாள் அவரைப் பின்னுக்குத் தள்ளியவன் நான்தான்.
கையில் சாக்பீஸ், வயது பத்தொன்பது.
ஏற்காடு ரோட்டு ஸ்டூடியோவில், மூன்றாம் தளத்தில்,
டி. எஸ். சடையாண்டி "தேவி" என்று வாயைத் திறந்ததும்
முள் சிவப்பைத் தாண்டிப் போய்
ஒட்டிக்கொண்டது.
லாரன்ஸ் சார் கண்ணாடிக்குள்ளிருந்து விரலாட்டினார்:
இன்னும், இன்னும்.
மூன்றடியில் ஒரு கோடு. ஐந்தடி.
எட்டடியில் அட்டைக் கதவு வந்துவிட்டது.
கதாநாயகி மைக்குக்கடியில் விம்மிக்கொண்டிருக்க
காதலன் கதவுக்கு வெளியே
தச்சர்களோடு நின்று காதலித்தார்.
கேமரா அவள் முகத்தை மட்டும் பார்த்ததால் பிழைத்தோம்.

அவர் என்ன செய்வார்?
ஏழு வயதில் தாரமங்கலத்திலிருந்து
பாய்ஸ் கம்பெனிக்குக் கூட்டிப்போனார்கள்.
விடியுமுன் கழுத்தளவுத் தண்ணீரில் சாதகம்.
வாத்தியார் கொட்டகையின் கடைசி மூங்கிலில் சாய்ந்து
காதைக் குடைந்தபடி "கேக்கல" என்பாராம்.
கேட்கும்வரை சோறு கிடையாது.
செவ்வாய்ப்பேட்டையில் நாடகமென்றால்
அம்மாபேட்டைத் தறிகள் அன்றிரவு ஓயும்.
கொலுசுப் பட்டறைக்காரர்கள் வெள்ளித்தூளோடு வந்து உட்காருவார்கள்.
தரை டிக்கெட்டின் இருமல், பிள்ளையழுகை,
தகரக் கூரையில் மழை,
எல்லாவற்றுக்கும் மேலே
"தேவி".

குறைக்கக் கற்றுக்கொண்டார்.
எப்படி என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
மேக்கப் அறையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்து
சுடர் அசையாமல் வசனம் பேசிப் பார்ப்பார்.
நாலு மணிக்கு வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்,
டேக் நிற்கும், சுவர் நடுங்கும்.
அப்போது மட்டும் தொண்டையைத் திறந்து
ஒரு விருத்தத்தின் பாதியை எடுத்துவிட்டு
"போதும், இறங்கிருச்சு" என்று உட்காருவார்.

மூன்றாவது படத்தில் ஐந்தடிக்கு வந்தார்.
ஏழாவதில் மைக் அவரைத் தேடிக் குனிந்தது.
நம்ம காதுக்குள்ளயே பேசறாரே என்று
பெண்கள் பகுதியில் சொன்னதாகச் சொன்னார்கள்.
அஸ்தம்பட்டியில் மாடி வீடு வந்தது,
கறுப்பு ஆஸ்டின் கார் வந்தது.
என்னைப் பார்த்தால் மட்டும்
கீழே குனிந்து கோடு தேடுகிற மாதிரி
நடிப்பார்.

குகையில் ஆடித் திருவிழா.
வண்டி வேடிக்கை முடிந்து
ஒரே ஒரு இரவு, பழைய நாடகம்.
இரண்டாம் காட்சியில் காற்று வந்து கரண்டை எடுத்துப்போனது.
பெட்ரோமாக்ஸ் ஏற்றினோம்.
"தேவி" என்றார்.
மூன்று வரிசை நிமிர்ந்தது.
பின்னாலிருந்து ஒரு குரல்: கேக்கல.
பிறகு பத்து. பிறகு திடலே.
திரைச்சீலை ஓரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.
என்னிடம் அன்று சாக்பீஸ் இல்லை.

படியிறங்கினார்.
கிரீடத்தோடு, ஜிகினா உடையோடு,
வசனத்தை விடாமல் சொல்லிக்கொண்டே
பாய்களுக்கும் தூங்கும் பிள்ளைகளுக்கும் நடுவே
கால் பார்த்து வைத்துக் கடைசிவரை போனார்.
வேர்க்கடலைக்காரன் முன் நின்று,
அடுப்பு வெளிச்சத்தில்,
முழுக் காதலையும் அவனிடம் சொல்லி முடித்தார்.
"இப்பக் கேட்டுச்சாய்யா?"
அவன் தலையை மட்டும் ஆட்டினான்.
சிலர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து நின்றார்.
அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை.
படங்களில் இன்னும் பதினாறு வருடம்
மெதுவாகப் பேசி,
மெதுவாகப் பேசும் அப்பாக்களாகி,
பிறகு போட்டோவில் மாலையோடு தொங்கும் அப்பாவாகவும் ஒன்றில்.

போன மாதம் அவர் மகள் செங்கமலம் வந்தாள்.
முதல் படத்திலிருந்து அப்பா முகம் ஏதாவது வேண்டுமாம்.
பிஸ்கட் டப்பாவில் இருந்தது நாற்பதடி ஒலி நெகடிவ்.
ஜன்னலில் பிடித்துப் பார்த்தவள்
"ஆளே இல்லையேண்ணா" என்றாள்.
சத்தத்துக்கு ஏதும்மா முகம்.
இந்தத் தட்டை, மூச்சு இழுக்கிறது.
இது "தே".
இங்கே விளிம்பை இடித்து நிற்குதே,
இதை வீணாப்போச்சுன்னு வெட்டி எறிஞ்சாங்க.
கண்ணாடிக்கு அப்பால் சேர்வராயன்
மேகமில்லாமல் இருந்தது.

எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று கேட்டாள்.
சொன்னேன்.
சுருளை ஒருதரம் காதருகே கொண்டுபோனாள்,
பிறகு என்னைப் பார்த்துவிட்டு
வெட்கத்தோடு
டப்பாவை மூடினாள்.