கார்க் திருகி இல்லாத ஒன்று

ஞாயிறுதோறும் உலர் பாலத்தில்
விரிப்பின் மேல் கடை போடுகிறான் ஒத்தியா.
பழைய பதக்கங்கள், படச்சுருள் கேமரா,
பல் வைத்தியரின் குறடு, விஷவாயு முகமூடி இரண்டு.
நடுவில், மடக்கிவைத்த பத்துப் பதினைந்து பல்கருவிகள்,
கால்களை உள்ளிழுத்துக்கொண்ட நண்டுகள் போல.

என்னுடையது போன வியாழன் உடைந்தது.
க்ல்தானியில் பதினாறு மாடிக் கட்டடம்.
காசு போட்டால்தான் ஏறும் லிஃப்ட்,
காசையும் வாங்கிக்கொண்டு
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டது.
உள்ளே லமாரா, ஒரு பை உருளைக்கிழங்கு, அவளுடைய நாய்.
கதவுப் பூட்டின் நெம்புகோலைக் கவ்வித் திருகினேன்.
இருபத்து மூன்று வேலை செய்யும் என்று
பெட்டியில் அச்சடித்திருந்த அது
ஒரே வேலையில் கழுத்தொடிந்து
குழிக்குள் போனது.
சத்தம் வந்து சேர நேரமாயிற்று.
"என்ன அது?" என்றாள் லமாரா உள்ளிருந்து.
"ஒன்றுமில்லை" என்றேன்.
நாய் நம்பவில்லை.

அதனால் இன்று அவசரப்படுவதாக இல்லை.
தானமாக வந்த மாடா என்ன,
பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பேன்.
குறட்டை மூடி வெயிலுக்கு நேரே தூக்கினால்
நுனியில் வெளிச்சம் கசியக் கூடாது.
வெளிச்சம் நுழையும் இடத்தில் கம்பி நழுவும்.
கத்தியை விரித்தால்
பூட்டு ஒரே சொல்லாக 'டக்' என்று விழ வேண்டும்.
இரண்டு சொல் கேட்டால் நடுவில் ஒரு தயக்கம் இருக்கிறது,
தயங்கும் கத்தி என் விரலைத்தான் தேடும்.
கையுறையோடு திறந்து பார்க்கிறேன்.
கிரீஸ் கையோடு.
பிறகு இடக்கையால் மட்டும்,
வலக்கை ஏதோ ஒரு கேபிளைப் பிடித்துத் தொங்குவதாக வைத்துக்கொண்டு.
பிறகு கண்ணை மூடி.
குழிக்குள் டார்ச் எப்போதும் வேறெங்கோதான் பார்க்கும்.

"தூங்குகிறாயா, மக்வாலா?" என்றான் ஒத்தியா.
பளபளப்பான ஒன்றை நீட்டினான்.
"இதில் கார்க் திருகிகூட இருக்கிறது."
என் அண்ணன் ஒயினை மண்ணில் புதைத்த ஜாடியிலிருந்து
அகப்பையால் மொள்கிறான்.
கார்க்குக்கு எங்கே போவேன்?
"மீன் செதில் உரசி?"
லிஃப்டில் மீன் ஏறும். செதிலோடு ஏறி
செதிலோடு இறங்கிவிடும்.
"நகம் வெட்டி?"
கடித்துக்கொள்கிறேன், போ.

அடியில் கிடந்தது ஒன்று.
சாம்பல் நிறம், ஒன்பதே ஒன்பது அலகு,
கைப்பிடியில் யாரோ கீறிய இரண்டு எழுத்து.
கீறியவர் அதைத் தீட்டியும் வைத்திருந்தார்,
முனை முதல் அடிவரை ஒரே சீராக,
பொறுமைக்காரர்.
புரட்டினேன். மூட்டில் அடித்து மூடிய ஆணி இல்லை,
திருகு.
பிரிக்கலாம், துடைக்கலாம், மறுபடி பூட்டலாம்.
பழுது பார்க்கிற பொருளையே
பழுது பார்க்க முடியாதபடி செய்கிறார்களே,
அவர்களை ஒருநாள்
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
நிறுத்திவைக்க வேண்டும்.

விலை கேட்டேன். சொன்னான்.
நடக்க ஆரம்பித்தேன்.
ஐந்தாம் அடியில் முக்கால் ஆயிற்று.
ஒன்பதாம் அடியில் தோலுறையும் சேர்ந்தது.

இன்னும் இடுப்புக்குப் பழகவில்லை.
பழையதைவிடக் கனம்,
நாற்காலியில் சாயும்போதெல்லாம் விலாவில் இடித்து
நான் இருக்கிறேன் என்கிறது.
சரி, இரு.

திங்கட்கிழமை குழிக்குள் இறங்கினேன்.
நாணயங்கள், ஒரு வீட்டுச் சாவி, பால்பல் போல ஏதோ,
ஓரத்தில் என் பழைய இருபத்து மூன்று.
குறடு இரண்டு துண்டு, கத்தி வளைந்துவிட்டது.
கத்தரிக்கோலில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.
அதைக் கழற்ற வழியில்லை,
உடைந்த உடம்போடு அப்படியே
லமாராவிடம் கொடுத்தேன்.

நாயின் கண்ணில் விழும் முடியை
அதைக்கொண்டுதான் வெட்டுகிறாள்.