பெட்டிப் பழக்கம்

கூடத்தின் நடுவே பெட்டி வந்து பதினோரு நாள்.
கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறோம்.
உள்ளே என் பழைய ஸ்வெட்டர்,
ஓரத்தில் சீமாவுக்காக அரை வர்க்கி.
லுபான் முதல் நாளே குடிபோய்விட்டாள்.
மஸ்கட்டில் கார் நிறுத்துமிடத்தில் பிறந்தவள்,
கூரை என்றால் கேள்வி கேட்காமல் நுழைபவள்.
வர்க்கியை மட்டும் தொடுவதில்லை.
சீமா பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகிறான்,
கடன் கொடுத்தவர் வீட்டைத் தாண்டுவது போல.

சீமா ஆண்தான்.
லுசாகாவில் சோளக் களிக்கு ன்ஷீமா என்று பெயர்.
குட்டியில் அந்தச் சட்டிக்குள் தலை மாட்டிக்கொண்டான்;
எங்கள் நாக்கு வளைந்த அளவுக்கு அவன் பெயர் ஆயிற்று.
கோத்தகிரி வந்த முதல் வாரம் பால்காரர்
"பொட்டப்புள்ளையா?" என்றார்.
பதின்மூன்று வயதில் யார் திருத்துவது.

போன வாரம் ஊட்டிக்குக் கூட்டிப் போய்
இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தோம்.
ஐஸ் கட்டி வைத்த டப்பாவில்
அவர்களுக்கு முன்னால் அது கடல் தாண்டிவிட்டது,
வெறிநோய்க்கு இவர்கள் அஞ்ச வேண்டியதில்லை என்று
யாரோ ஒருவரிடம் சாட்சி சொல்ல.
எண் சரியாக வந்தால் இன்னும் மூன்று மாதம்.
பிறகு ரீகா.
தனிஸ் அங்கே குளிர்பதனக் கிடங்கு பார்க்கப் போகிறார்.
வெயில் நாடுகளில் இருபது வருடம் குளிரைக் காத்தவருக்குப்
பனி பெய்யும் ஊரில் என்ன வேலை என்று கேட்டால்
"மீனுக்கு எல்லா ஊரும் வெயில்தான்" என்கிறார்.

பிறந்த நாடு என்ற கட்டத்தை
நாய்களுக்குச் சட்டென்று நிரப்பிவிட்டோம்.
எங்கள் தாளில், நிரந்தர முகவரி என்ற இடத்தில்
தனிஸ் பேனாவை ஊன்றிக்கொண்டு
டீ ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.
கடைசியில் இந்த வாடகை வீட்டையே எழுதினார்,
பின்கோடை என்னிடம் கேட்டு.

டாக்டர் நஞ்சன்
ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்:
"சின்னது போகும்.
பெரிசு... விமானத்தின் அடிவயிற்றில் அத்தனை மணி நேரம்.
இந்த இதயத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."
திரும்பும் வழி முழுக்க
நாங்கள் கேரட் விலை பேசிக்கொண்டு வந்தோம்.

சீமாவுக்கு மூன்று மொழி தெரியும்.
'வா' என்பது ந்யாஞ்சாவில், ப்வேரா.
'போதும்' அரபியில், கலாஸ்.
'வேண்டாம்' மட்டும் எந்த ஊரிலும் தமிழ்தான்.
போன மழைக்கு முன் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன.
முதலில் ப்வேரா. அப்புறம் கலாஸ்.
வேண்டாம் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது,
அல்லது என் முகத்தைப் படித்திருப்பான்.
செவிடு என்ற சொல்லை
வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஆறு மணி.
எதிர்ச்சரிவில் பெள்ளி
இலை வண்டியின் ஹாரனை நீட்டி அடிக்கிறான்:
சிறுத்தை இறங்கும் நேரம், நாயை உள்ளே கூப்பிடு.
லுபான் பெட்டிக்குள் குறட்டை விடுகிறாள்.
சீமா வேலியோரம்,
காட்டெருமை நேற்று நின்ற இடத்தை
எழுத்துக்கூட்டி மோந்துகொண்டிருக்கிறான்.
ஃபாக்டரிப் புகையும் மஞ்சும் கலந்ததில்
வெள்ளை வால்நுனி மட்டும் தெரிகிறது.

வராந்தா விளக்கை அணைத்துப் போடுகிறேன்.
மறுபடி.
இது நான்காவது மொழி. நாங்களாகக் கட்டியது.
இதில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

உள்ளிருந்து தனிஸ் கேட்கிறார்,
"டிக்கெட் ஒண்ணா ரெண்டா? இன்னைக்குச் சொல்லணும்."
என் விரல் சுவிட்சிலேயே இருக்கிறது.
மஞ்சுக்கு அப்பால் பெள்ளி வீட்டு விளக்கு
அணைந்து எரிகிறது, இரண்டு முறை.
கரண்டு ஆட்டமாகவும் இருக்கலாம்.
சீமா நிமிர்கிறான்.
அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறான், இந்த வெளிச்சத்தைப் பார்க்கிறான்,
பின்னங்காலை இழுத்துக்கொண்டு
எங்கள் படியேறுகிறான்,
தாடியெல்லாம் நாயுருவி.

லுபான் விழித்துக்கொள்ளாமல்
பெட்டிக்குள் கைவிட்டு
அந்த அரை வர்க்கியை எடுத்துவந்து
வெளியிலேயே வைத்து ஊட்டுகிறேன்.