கித்தேரி

தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
நான் வேலை பார்க்கும் பேக்கரி.
அரைக்கிலோ, வெண்ணிலா என்றாள்.
மேலே பேர் எழுதணும்: கித்தேரி.

இறால் கம்பெனியிலிருந்து நேரே வந்திருக்கிறாள்,
விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறி.
ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

கூம்பை அழுத்தி ‘கி’ போட்டேன்.
வளைவு அழகாக விழுந்த சந்தோஷத்தில்
வாய் சும்மா இருக்கவில்லை:
“பேத்திக்கா அக்கா? எத்தனை வயசு?”

கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தாள்.
பப்ஸை, தேங்காய் பன்னை,
எறும்பு ஏறிய ஜாம் ரோலை.
“பேர் வேண்டாம். வழிச்சிரு.”

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

வழித்தேன். ரோஸ் கறை போகவில்லை.
அதன்மேல் ஒரு பூ வைத்து,
பூவுக்குக் காசில்லை என்றேன்.
“எதுக்கு?” என்றாள்.

முந்தி அவிழ்த்துத் தந்த நோட்டுகளில்
ஐஸ் தண்ணி ஈரம்.
எந்த எண் மெழுகுவர்த்தி என்று கேட்டாக வேண்டும்,
முதலாளியின் சட்டம்.
கேட்கவில்லை.
எண் இல்லாத ஒன்றைப் பெட்டிக்குள் நழுவவிட்டேன்.

ரோட்டுக்கு அந்தப்புறம் மீன்கூடையோடு ஒருத்தி
காற்றை மீறிக் கத்தினாள்:
“என்ன கித்தேரி, கேக்கெல்லாம்?”
“சும்மாதான்.”
பாம்பன் பஸ் வந்து
மீதியை மறைத்துவிட்டது.

கடை அடைக்கும்போது
கூம்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
எவர்சில்வர் தட்டில் பிழிந்து பார்த்தேன்.
த் தே ரி.
கோணல் இல்லாமல்தான் வருகிறது.

தட்டைக் கேட்டார் முதலாளி,
மிஞ்சிய பன்னை அடுக்க.