பதினாலாவது ஆள்

ஒருநாள் கூலி போனால் போகட்டும் என்று
பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு
மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவரக் கிளம்பினோம்
நானும் கோபிகாவும்.
இப்போதிருக்கும் பள்ளி அஞ்சாம் வகுப்போடு முடிகிறது.
ஆறுக்கு எங்கே என்று
மூன்று வாரமாய் வீட்டில் அதே பேச்சு.

கொலுசுக்குச் சலங்கை கோக்கிற கை என்னுடையது.
ஒரு கிராம் கூடக்குறைய இருந்தாலும்
உள்ளங்கையே சொல்லிவிடும்.
பள்ளிக்கூடத்தை எந்தத் தட்டில் வைக்க?
காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப்
பின்பக்கம் கட்டம் போட்டுக்கொண்டேன்.
தண்ணி. கக்கூஸ். கணக்கு டீச்சர். ரோடு.

முதல் பள்ளி குகைப் பக்கம்.
புதுப் பெயிண்ட், சுவர் முழுக்கக் கிளிகளும் கிரகங்களும்.
ஸ்மார்ட் வகுப்பு இருக்கிறது.
சாவி வைத்திருப்பவர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார்.
கக்கூஸ் பளிச்சென்று இருக்குமாம், அதற்கும் பூட்டு.
"விசிட்டர் வந்தா திறப்போம்" என்றார் பெருக்குகிற அக்கா.
அப்போது நான் யார் என்று கேட்க
வாய் வரவில்லை.

இரண்டாவது, ஆற்றை ஒட்டி.
திருமணிமுத்தாறு. பேரில் மணியும் முத்தும்;
ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடம்.
ஆனால் அந்தக் கணக்கு வாத்தியார்!
ஒரு தட்டுவடையை நாலாய் உடைத்து
மூன்று துண்டைத் தின்றுவிட்டு
மிச்சம் எவ்வளவு என்று கேட்டார்.
வெளியே நின்ற எனக்குப் பின்னம் புரிந்தது,
இருபது வருஷம் கழித்து.
பெரிய டிக் போட்டேன்.
வாசலில் அவராகவே சொன்னார்,
"ஜூன்ல எனக்கு மாறுதல்மா."
டிக்கை அடிக்க மனசில்லை. அப்படியே விட்டேன்.

மூன்றாவது லைன்மேட்டில்.
பஸ்ஸை விட்டு இறங்கி
லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கவே பத்து நிமிஷம்.
தலைமையாசிரியை தானே நாற்காலி தூக்கிவந்து போட்டார்.
மொத்தம் அறுபத்தொரு பிள்ளைகள்,
இன்னும் குறைந்தால் ஒரு போஸ்ட் போய்விடும்.
அவர் கோபிகாவைப் பார்த்த பார்வையில்
அவள் அறுபத்திரண்டாய் நின்றாள்.
கணக்கு டீச்சர்?
"வருவாங்க."
கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
"ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நிப்போம்" என்றாள்
முழங்காலில் காயம் காய்ந்த ஒரு பெண்.
ரிஸ்வானா, ஏழாம் வகுப்பு.
என்னை அவள் பார்க்கவே இல்லை.

"ஓடுவியா?"
"ம்."
"கேட்ச் புடிப்பியா?"
"கொஞ்சம்."
"நாங்க பதிமூணு பேரு. த்ரோபாலுக்கு சைடுக்கு ஏழு.
டெய்லி ஒருத்தி சும்மா நிக்கணும், முறை வெச்சு."

அவ்வளவுதான் பேச்சு.
என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் மடியில் விரித்துக் கூட்டினேன்.
எப்படிக் கூட்டினாலும் மூன்றாவதுதான் கடைசி.
ஜன்னலோரம் கோபிகா
வெறும் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாய் இருந்தாள்,
சேர்வராயன் மலைமேல் நின்ற ஒற்றை மேகத்தை
யாரோ அவளுக்கு எறியப் போவதுபோல.
என்னடி என்றால் ஒன்றுமில்லை என்றாள்.

முடிவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
அவங்கப்பா குகையிலேயே நிற்கிறார்,
போனில் காட்டிய பெயிண்ட்டைப் பார்த்ததிலிருந்து.
லாரிகளும் எங்கேயும் போய்விடவில்லை.

ஆனாலும் செவ்வாய்ப்பேட்டையில் இறங்கி
இரும்புக்கடையில் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினேன்,
ஆறு இஞ்சு, ஸ்க்ரூவோடு நாற்பத்தைந்து ரூபாய்.
எந்தக் கதவுக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
நூற்றிருபது கிராம்.
கூட இருந்தால் ஒன்றோ இரண்டோ.