மூடி எண்ணும் நாள்

ஜூலையில் புந்தா அரேனாஸில்
பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் நான் இரண்டு தடவை எழுந்து
இரண்டு தடவையும் தோற்றிருந்தேன்.

படுக்கைக்கும் வேலைக்கும் நடுவே பதினோரு அடி.
வழியில் பேருந்து இல்லை, தாமதத்துக்குச் சாக்கு இல்லை.
உடம்பு முடியவில்லை என்று சொல்லப் போனை எடுத்தால்
மறுமுனையிலும் யஸ்னா.
முதலாளியம்மா என் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு
என் கோப்பையிலேயே காபி குடிக்கிறாள்.
அவளுக்கும் இன்று ஒன்றும் ஓடவில்லை.

உறைபெட்டியில் பன்னிரண்டு கிலோ ருபார்ப்,
கோடையில் நறுக்கிய தண்டுகள், பல் கூசும் புளிப்பு.
துறைமுகக் கடைக்காரி திரினா கேட்கிறாள்:
"நவம்பரில் கப்பல்கள் வரும். ஜாமில் புதுசாக ஏதாவது?"
புதுசு.
மிளகு போட்டேன், இருமல் மருந்தானது.
ஆரஞ்சுத் தோல் போட்டேன், தரை துடைத்த வாசனை.
கிராம்பு போட்டதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நடந்துவிட்டு வா, தானாக வரும் என்றான் மச்சினன்.
தெருமுக்குவரை நடந்தேன்.
தொப்பி போனது.
வேறொன்றும் வரவில்லை.
இந்த ஊர்க் காற்று
சட்டைப்பையைத் துழாவுவதுபோல வீட்டைத் துழாவிப் பார்த்து
சில்லறைகூடத் தேறாமல்
அடுத்த வீட்டுக்குப் போகிறது.

ஆகவே மூடி எண்ணுகிறேன்.
தங்க நிறத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.
எந்தப் புட்டிக்கும் சேராதவை ஒன்பது.
அந்த ஒன்பதை நான்கு வருடமாகத் தூக்கி எறியவில்லை,
ஏன் என்று கேட்காதீர்கள்.

மூடி முடிந்தால் லேபிள்.
திரும்பி வந்த புட்டிகளை வெந்நீரில் ஊறப்போட்டு
சுரண்டிக்கொண்டே இருக்கலாம்.
இதற்கு மூளை வேண்டாம், நகம் போதும்.

வெல்டர் ஒவிதியோ ஆறு புட்டி அனுப்பியிருக்கிறார்.
ஐந்து பளபளவென்று.
ஆறாவதைக் கழுவ மறந்திருக்கிறார்.
உள்ளே, கரண்டி எட்டாத வளைவில்,
ஒரு விரல் தடம்
பாதிவரை இறங்கி நிற்கிறது.
அதற்குமேல் அந்தத் தடித்த கணு போகாது.
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.
ராத்திரி சமையலறையில் விளக்குப் போடாமல்
புட்டிக்குள் கைவிட்டு நிற்கும் ஐம்பது வயது ஆள்
ஒரு நொடி தெரிந்து மறைந்தார்.

லேபிளில் தேதி: ஆகஸ்ட் பதினான்கு.
கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
என் கையெழுத்துதான்:
"ஒன்றும் தோன்றவில்லை. சர்க்கரைக் கடையில் பாக்கி. முழங்கால் வலி."

இதிலிருந்து பாடம் எடுக்கலாம்.
எடுக்கவில்லை.
அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.
என்னால் முடிந்தது
இரண்டு பை ருபார்ப்பை வெளியே எடுத்து
தொட்டியில் வைத்தது.
இளகுவதற்குச் சாயங்காலம் ஆகும்.
இளகிவிட்டால் காய்ச்சியே தீர வேண்டும்;
கெட்டுப்போகும் பொருளுக்கு
என் மனசைப் பற்றி என்ன கவலை.

திரினாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
"பழையதுதான். புளிக்கும்."
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.
அதில் சந்தோஷமா சலிப்பா, தெரியவில்லை.

ஐந்தரைக்கு இருட்டிவிட்டது.
தொட்டிக்குள் இளஞ்சிவப்பாகச் சொட்டுகிறது.
ஆறாவது புட்டியை மட்டும் கழுவாமல்
ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
நாளைக்கு ஏதாவது தோன்றினால்
மூடிகள் தயார்.
தோன்றாவிட்டாலும்
இருநூற்றுப் பன்னிரண்டு.